நீதி படிக்கும் பள்ளி

வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

நாட்டை ஆளப்போகிறவர்களை எப்படி வளர்க்க வேண்டும்? இந்த ஒரு கேள்விக்காக ஒரு பேரரசையே கற்பனையில் கட்டியவர் செனபோன். ஏதென்ஸ் நகரத்தவர், சாக்ரடீஸோடு பழகியவர். கி.மு. 401-இல் ஒரு பாரசீக இளவரசனுக்காகக் கூலிப்படையில் சேர்ந்து பாபிலோன் பக்கம் வரை போய், உயிர் தப்பித் திரும்பியவர். அவர் எழுதிய ‘சைரஸின் கல்வி’ என்ற நூலைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

சைரஸ் சரித்திரத்தில் வாழ்ந்த மன்னர். பாரசீகப் பேரரசை நிறுவியவர், கி.மு. 539-இல் பாபிலோனைப் பிடித்தவர். நூலில் வரும் பாரசீகம் மட்டும் பெரும்பாலும் செனபோனின் படைப்பு. சைரஸ் போர்க்களத்தில் மடிந்தார் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். செனபோனின் சைரஸோ முதுமையில், பிள்ளைகளையும் நண்பர்களையும் அருகே அழைத்து அறிவுரை சொல்லிவிட்டு அமைதியாகக் கண்மூடுகிறார். இதைச் சரித்திரம் என்று படிக்காதே, நேர்மையான ஆட்சியின் சித்திரமாகப் படி என்ற கருத்தில், ரோம் நகரத்துச் சிசரோ தன் தம்பிக்குக் கடிதமே எழுதியிருக்கிறார்.

அந்தக் கற்பனைப் பாரசீகத்தில் அரண்மனையையும் அரசு அலுவலகங்களையும் சுற்றி ஒரு பெரிய சதுக்கம். அதற்குச் ‘சுதந்திரச் சதுக்கம்’ என்று பெயர். கடைகண்ணிக்கு அங்கே இடமில்லை. வியாபாரக் கூச்சல் படிக்கிறவர்களின் ஒழுங்கைக் கெடுத்துவிடும் என்று சந்தையை வேறிடத்துக்கு மாற்றிவிடுகிறார்கள். சதுக்கத்தில் நான்கு பகுதிகள். சிறுவர்கள், இளைஞர்கள், நடுவயது ஆண்கள், போருக்குப் போகும் வயதைக் கடந்த பெரியவர்கள் என ஆளுக்கொரு பகுதி. சிறுவர்கள் விடிந்ததும் அங்கே வந்து நிற்க வேண்டும். வீட்டிலிருந்து ரொட்டியும், தொட்டுக்கொள்ளக் காரமான ஒருவகைக் கீரையும், ஆற்றில் தண்ணீர் மொள்ள ஒரு குவளையும் கொண்டுவருவார்கள். சாப்பாடு ஆசிரியரோடுதான், அதுவும் அதிகாரி போகச் சொன்ன பிறகுதான்.

என்ன படிக்கிறார்கள்? நம் ஊர்ப் பிள்ளைகள் எழுத்துப் படிக்கப் போவதாகச் சொல்வதைப்போல அந்த ஊர்ப் பிள்ளைகள் நீதி படிக்கப் போவதாகச் சொல்வார்கள் என்று எழுதுகிறார் செனபோன். அதற்குப் பாடப்புத்தகம் கிடையாது. சிறுவர்களுக்குள் நடக்கிற களவு, அடிதடி, ஏமாற்று, அவதூறு எல்லாம் வழக்காக வரும். அதிகாரிகள் பகலின் பெரும்பகுதியை அந்த வழக்குகளை விசாரிப்பதிலேயே கழிப்பார்கள். குற்றம் செய்தவனுக்குத் தண்டனை உண்டு, பொய்க் குற்றம் சாட்டியவனுக்கும் உண்டு. இன்னொன்றையும் அவர்கள் விசாரிப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. செய்ந்நன்றி கொன்ற வழக்கு அது. மனிதர்கள் ஒருவரையொருவர் அதிகமாக வெறுப்பது நன்றிகெட்டதனத்துக்காகத்தான், ஆனால் அதற்காக யாரும் நீதிமன்றம் போவதில்லை என்கிறார் செனபோன். அவருடைய பாரசீகத்தில், உதவி பெற்று, திருப்பிச் செய்ய முடிந்தும் செய்யாத சிறுவனுக்குக் கடுமையான தண்டனை.

16, 17 வயதில் இளைஞர் பிரிவு. அதில் பத்து ஆண்டுகள். இரவில் அரசு அலுவலகங்களைச் சுற்றிப் படுத்துக் காவல் காக்க வேண்டும், அரசரோடு வேட்டைக்குப் போக வேண்டும், கொள்ளையரைத் துரத்திப் பிடிக்க வேண்டும். அடுத்த 25 ஆண்டுகள் நடுவயதுப் பிரிவு. போருக்குப் போவதும் அரசுப் பதவிகளில் அமர்வதும் இவர்கள். ஐம்பதைக் கடந்தவர்கள் பெரியவர்கள். வெளிநாட்டுப் போருக்கு இவர்கள் போக வேண்டாம். வழக்கு விசாரிப்பதும் அதிகாரிகளைத் தேர்ந்தெடுப்பதும் இவர்கள் வேலை. ஒரு படியில் தேறாதவன் அடுத்த படிக்கு ஏற முடியாது.

வழக்கு வழியாக நீதி படிப்பது எப்படி என்பதற்கு ஒரு கதை வருகிறது. பன்னிரண்டு வயதுச் சைரஸ், தாய் மண்டானியோடு மீடிய நாட்டு மன்னரான தாத்தா அஸ்டியாஜெஸ் வீட்டுக்குப் போகிறான். அங்கேயே தங்க ஆசைப்படுகிறான். “உன் வாத்தியார்கள் அங்கே இருக்கிறார்களே, இங்கே நீதியை எப்படிப் படிப்பாய்?” என்று கேட்கிறாள் தாய். “அது எனக்கு நன்றாகவே தெரியும், அம்மா” என்கிறான் பிள்ளை. மற்ற சிறுவர்களின் வழக்கை விசாரிக்க வாத்தியார் அவனையே அமர்த்தியிருந்தார். ஒரே ஒரு வழக்கில் மட்டும் அடி வாங்கியிருக்கிறான். பெரிய பையன் ஒருவனிடம் சின்ன சட்டை, சின்னப் பையன் ஒருவனிடம் பெரிய சட்டை. பெரியவன் சின்னவனுடைய சட்டையைக் கழற்றித் தான் போட்டுக்கொண்டு, தன்னுடையதை அவனுக்கு மாட்டிவிட்டான். இருவருக்கும் பொருத்தமாக இருக்கிறதே, அப்படியே இருக்கட்டும் என்று தீர்ப்புச் சொன்னான் சைரஸ். பொருத்தம் எது என்று கேட்டால் இப்படிச் சொல், சட்டை யாருடையது என்று கேட்டால், பறித்தவன் வைத்துக்கொள்வது சரியா, செய்தோ விலைகொடுத்தோ வாங்கியவன் வைத்துக்கொள்வது சரியா என்று பார் என்றார் வாத்தியார். சொன்னதோடு விடவில்லை, அடித்தும் புரியவைத்தார்.

இந்தச் சட்டைக் கதை சின்னக் கதையாகத் தெரியும். ஆனால் பின்னால் அதே சைரஸ் பாபிலோனைப் பிடிக்கிறார். வீடுகளையும் மாளிகைகளையும் தன்னோடு வந்தவர்களுக்குப் பங்கிடுகிறார். போரில் ஒரு நகரம் விழுந்தால் அங்குள்ள மனிதர்களும் உடைமையும் வென்றவனுக்கே சொந்தம், இது என்றைக்கும் உள்ள சட்டம் என்று தன் தோழர்களிடம் பேசுகிறார். பறித்தவன் வைத்துக்கொள்ளலாமா என்று வாத்தியார் கேட்ட கேள்வி அங்கே எங்கே போயிற்று? செனபோன் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசவில்லை. ஒரே நூலுக்குள் வைத்திருக்கிறார். அதைக் கவனிக்கும் பொறுப்பை நம்மிடம் விட்டிருக்கிறார் என்றே நான் படிக்கிறேன்.

இனி, இந்த நூலில் என் மனத்தை அதிகமாகத் தைக்கும் இடத்துக்கு வருகிறேன். பாரசீகர்கள் சுமார் 1,20,000 பேர் என்கிறார் செனபோன். அவர்களில் யாரையும் சட்டம் பதவியிலிருந்து விலக்கவில்லை. எல்லோரும் பிள்ளைகளை நீதிப் பள்ளிக்கு அனுப்பலாம். அதே மூச்சில் அடுத்த வரியையும் எழுதிவிடுகிறார். வேலைக்கு அனுப்பாமல் பிள்ளையை வைத்துச் சோறு போட முடிந்தவர்கள் அனுப்புகிறார்கள், முடியாதவர்கள் அனுப்புவதில்லை. சிறுவர் பிரிவைத் தாண்டாதவன் இளைஞர் பிரிவுக்குப் போக முடியாது, இளைஞர் பிரிவைத் தாண்டாதவன் பதவிக்குப் போக முடியாது. சட்டத்தில் கதவு திறந்தே இருக்கிறது. வீட்டில் உலை கொதிக்காதவன் அந்தக் கதவுவரை நடந்து போகவே முடியாது.

செனபோன் இதை ஒரு வரியோடு விட்டிருந்தால் நான் இவ்வளவு சொல்லியிருக்க மாட்டேன். ஃபெரௌலஸ் என்று ஒரு பாத்திரத்தைப் படைக்கிறார். எளிய குடும்பத்தவன். அவனுடைய அப்பா தானே மண்ணில் உழைத்து, அரைகுறையாக வயிற்றைக் கழுவியபடி, மகனைச் சிறுவர் பள்ளிக்கு அனுப்பினார். மகன் வாலிபனானதும், சும்மா வைத்துச் சோறு போட முடியாமல் வயலுக்குக் கூட்டிப்போய், “இனி வேலை செய்” என்றார். ஃபெரௌலஸ் ஒரு துண்டு நிலத்தைக் கொத்தி, விதைத்து, அப்பா இருக்கும்வரை அவரைக் காப்பாற்றினான். அந்த நிலம் நேர்மையானது, வாங்கிய விதையைக் கொஞ்சம் வட்டியோடு திருப்பிக் கொடுத்தது, ஒரு தடவை இரண்டு மடங்காகவே கொடுத்தது என்று பிறகு செல்வந்தனானபோது சொல்கிறான்.

போருக்கு முன் சைரஸ் சாதாரண வீரர்களுக்கும் மேல்குடியினரின் ஆயுதங்களையே கொடுக்கிறார். பரிசைச் சமமாகப் பங்கிடுவதா, திறமை பார்த்துப் பங்கிடுவதா என்ற விவாதம் எழுகிறது. திறமை பார்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்று எழுந்து பேசுபவர்களில் ஃபெரௌலஸும் ஒருவன். பசியையும் தாகத்தையும் குளிரையும் பொறுக்கத் தங்களுக்குப் பயிற்சி உண்டு என்று மேல்குடியினர் பெருமைப்படுகிறார்கள், எங்களுக்கு அவர்களைவிட நல்ல வாத்தியார் கிடைத்தார், அவர் பெயர் தேவை என்ற பொருளில் பேசுகிறான். பள்ளிக்கூடம் பாதியில் நின்றுபோன ஒருவனின் வாயில் செனபோன் வைத்த பேச்சு அது. எத்தனை முறை படித்தாலும் அந்த இடத்தில் நான் நின்றுவிடுகிறேன்.

உண்மையான பாரசீகத்தில் கல்வி எப்படி இருந்தது? ஐந்து வயதிலிருந்து இருபதுவரை குதிரையேற்றம், வில்வித்தை, உண்மை பேசுதல் என்ற மூன்றை மட்டுமே கற்பித்தார்கள் என்கிறார் ஹெரோடோட்டஸ். பாரசீகத் தலைநகரங்களில் ஒன்றான பெர்சபோலிஸில் 1933-34-இல் கிடைத்த களிமண் பலகைகளோ வேறொரு முகத்தைக் காட்டுகின்றன. முதலாம் தாரயவஷ், அதாவது டேரியஸ் காலத்துக் கணக்குகள் அவை, கி.மு. 509 முதல் 493 வரையுள்ளவை. யாருக்கு எவ்வளவு தானியம், எவ்வளவு ஒயின் என்று எலாமிய மொழியில் எழுதிவைத்திருக்கிறார்கள். எழுத்துப் படியெடுக்கும் பாரசீகச் சிறுவர்களுக்குப் படி அளந்த குறிப்பும் அவற்றில் உண்டு. பேரரசு நடந்தது எழுத்தர்களின் கையால். செனபோனின் சதுக்கத்தில் அந்த எழுத்தர்களுக்கு இடமே இல்லை. இதை அவருடைய பெரிய குறையாகவே கருதுகிறேன். எழுத்தும் கணக்கும் தெரியாத ஆட்சியாளன் எழுதத் தெரிந்தவன் சொல்வதை நம்பித்தான் ஆக வேண்டும்.

ஆனால் பயிற்சியில் விடுபடுவது எது என்பதை அவர் யோசிக்காமல் இல்லை. சைரஸ் போருக்குப் புறப்படும்போது தந்தை காம்பைசஸ் எல்லைவரை கூடவே நடந்து வருகிறார். படைத்தலைமை கற்பிப்பதாகச் சொல்லி ஓர் ஆசிரியர் மகனிடம் கூலி வாங்கியிருந்தார். அவர் என்ன கற்பித்தார் என்று தந்தை முன்பு ஒருநாள் கேட்டதை மகன் இப்போது நினைவுகூர்கிறான். அணிவகுப்பு என்றான் மகன். வீரர்களுக்குச் சோறு எங்கிருந்து வரும், நோய் வராமல் எப்படிக் காப்பது, அவர்கள் மனம் சோராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது, இதெல்லாம் சொல்லிக்கொடுத்தாரா? இல்லை. சோறு இல்லாத, உடல்நலம் இல்லாத படைக்கு அணிவகுப்பு எதற்கு என்று சிரித்தபடி கேட்டாராம் தந்தை. அறிவாளி என்று பெயர் வாங்க எது சுருக்கு வழி என்று பேச்சு வரும்போதும், உண்மையில் அறிவாளியாக இருப்பதுதான், அதைவிடச் சுருக்கு வழி இல்லை என்கிறார்.

பிளேட்டோவின் ‘சட்டங்கள்’ நூலில் பேசும் ஏதென்ஸ்காரர், சைரஸ் நல்ல படைத்தலைவர், ஆனால் சரியான கல்வியைத் தொடாதவர் என்கிறார். தன் பிள்ளைகளை அந்தப்புரத்தில் வளரவிட்டார் என்றும் குறை சொல்கிறார். செனபோனுக்கு விடுத்த பதில் அது என்று பழைய வாசகர்கள் நினைத்தார்கள்.

செனபோன் தன் நூலின் கடைசி அதிகாரத்தில் தானே அதைவிடக் கடுமையாகப் பேசுகிறார். சைரஸ் இறந்ததும் பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள், எல்லாம் கெட்டது என்கிறார். பள்ளியை யாரும் மூடிவிடவில்லை. பிள்ளைகள் இன்னும் அரண்மனை வாசலில்தான் வளர்கிறார்கள். முன்பு வழக்குகள் நேர்மையாகத் தீர்க்கப்படுவதைக் கேட்டு நீதி கற்றார்கள். இப்போது யார் அதிகம் கொடுக்கிறானோ அவன் பக்கம் தீர்ப்பு சாய்வதைக் கண்ணாலேயே பார்க்கிறார்கள். முன்பு செடிகொடிகளின் குணங்களைக் கற்றது நல்லதைப் பயன்படுத்தவும் கெட்டதை விலக்கவும். இப்போது அதே பாடம் அடுத்தவனுக்கு விஷம் வைக்கப் பயன்படுகிறது. அங்கேபோல வேறெங்கும் இத்தனை பேர் விஷத்தால் சாவதில்லை என்கிறார்.

இவ்வளவு புகழ்ந்தவர் இப்படி முடிப்பாரா, வேறு யாரோ எழுதிச் சேர்த்தது இது என்று சொன்ன அறிஞர்கள் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. வழக்கு விசாரணையைப் பார்த்துத்தான் சிறுவர்கள் நீதி கற்கிறார்கள் என்று முதல் பகுதியில் எழுதியவர் அவர். நீதிபதி விலைபோனால் அந்தப் பள்ளியில் சிறுவன் என்ன கற்பான் என்பதற்கு அவர்தான் பதில் எழுதியாக வேண்டும். எட்டுப் பகுதிகளையும் படிக்க நேரமில்லாதவர்கள், முதல் பகுதியின் இரண்டாம் அதிகாரத்தையும் எட்டாம் பகுதியின் கடைசி அதிகாரத்தையும் ஒரே அமர்வில், ஒன்றன்பின் ஒன்றாகப் படித்துப் பாருங்கள். இடையில் முடிந்தால் ஃபெரௌலஸ் பேசும் இடத்தையும்.

நன்றி, வணக்கம்.