இருக்கும்போதே துணை

(பெரியகல்லாற்றில் முதியோர் சங்கக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, ஐயாமாரே, அம்மாமாரே, பின்னால் நிற்கும் தம்பிமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் ஊர்களில் ஒரு சாவு விழுந்தால் மரண உதவிச் சங்கத்துக்கு யாரும் சொல்லி அனுப்ப வேண்டியதில்லை. பொழுது சாய்வதற்குள் பந்தல் வரும், கதிரை வரும், இராத்திரி கண்விழிக்க ஆட்கள் வருவார்கள். இந்தப் பழக்கத்தை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். நோயோடு உயிர் வாழ்கிறவனுக்கும் அதே துணையைத் தாருங்கள் என்று கேட்கத்தான் இன்று எழுந்து நிற்கிறேன்.

எனக்கு வயிற்றுக்குள் பெருநாடி வீங்கியிருக்கிறது. இதயத்திலிருந்து இரத்தத்தை உடம்பெங்கும் கொண்டுபோகும் பெரிய குழாய் அது. வயிற்றுப் பகுதியில் அதன் அகலம் 2 சென்ரிமீற்றர் அளவில் இருக்க வேண்டும். 3 சென்ரிமீற்றரைத் தொட்டால் அதை வீக்கம் என்கிறார்கள். எனக்கு 4.3. பழைய சைக்கிள் ரியூபில் ஓரிடம் நைந்து புடைத்து நிற்குமே, அப்படி. அகலம் கூடக் கூடச் சுவரில் விழும் இழுவிசையும் கூடும், தாங்காமல் வெடித்துவிடவும் கூடும். அதனால்தான் அளவை விடாமல் பார்க்கிறார்கள். ஆண்களுக்கு 5.5, பெண்களுக்கு 5 சென்ரிமீற்றர் வந்தால் ஒப்பரேசனைப் பற்றிப் பேசுவார்கள். அதுவரைக்கும் பிரசர் குளிசையும் ஸ்கேனும் காத்திருப்பும்தான்.

நோவு இல்லை, காய்ச்சல் இல்லை. சிறுநீரகக் கல் இருக்கிறதா என்று பார்க்க எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்தது. பலருக்கும் இது இப்படித்தான் தெரியவருகிறது. தெரிந்த பிறகுதான் கஷ்டம் தொடங்குகிறது. நான் இருமினால் மனைவி எழும்பி லைற்றைப் போடுவா. கிணற்றடியில் வாளியைத் தொட விடமாட்டா. பிள்ளைகள் தொலைபேசியில் வேறு எல்லாம் கதைப்பார்கள், இதை மட்டும் கதைக்கமாட்டார்கள். ஒரே குடும்பத்துக்குள் ஆளாளுக்குத் தனித்தனியாகப் பயந்துகொண்டிருந்தோம்.

அந்தப் பயத்தை இறக்கி வைத்தவர் அக்கரைப்பற்றுப் பக்கத்து வயற்காரர் ஒருவர். கிளினிக் வாங்கில் பக்கத்தில் இருந்தார். என் கொப்பியை எட்டிப் பார்த்துவிட்டு, "சேர், உங்களுக்கும் அந்தக் குழாய் வீக்கமா?" என்று கேட்டார். ஓம் என்றேன். சேர்ட்டைத் தூக்கிக் காட்டினார். நெஞ்செலும்புக்குக் கீழே தொடங்கி, தொப்புளைச் சுற்றி வளைந்து, அடிவயிறு வரைக்கும் ஒரு தழும்பு. "இதுக்குள்ள துணிக்குழாய் கிடக்கு. ரெண்டு போகம் விதைச்சுப் போட்டன். பயந்து மூலையில மட்டும் இருந்திராதீங்க" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். டொக்டர் எனக்கு எதையும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் "நான் அதற்குள்ளால் போய்வந்தவன்" என்று ஒரு டொக்டரால் சொல்ல முடியாதே. அந்தக் காக்கா சொன்னார், முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

வீங்கிய இடத்தில் இரத்தம் ஓடுவதற்காகப் பொருத்தும் அந்தத் துணிக்குழாய் வந்த கதை அழகானது. 1950களில் அமெரிக்க அறுவை வைத்தியர் மைக்கேல் டிபேக்கி, கடையில் வாங்கிய டெக்ரோன் துணியைத் தன் மனைவியின் தையல் மெஷினில் குழாயாகத் தைத்துப் பார்த்தார். 1990இல் ஆர்ஜென்டினாவில் உவான் பரோடி, வயிற்றைத் திறக்காமல் தொடை இடுக்கு நாடி வழியாகக் குழாயைக் கொண்டுபோய் உள்ளே பொருத்திக் காட்டினார். இதெல்லாம் வருவதற்கு முன்பே ஐன்ஸ்டைனுக்கு இந்த வீக்கம் இருந்தது. 1948இல் அவர் வயிற்றைத் திறந்த வைத்தியர் வீக்கத்தைச் சுற்றி செலோபேன் தாளைத்தான் சுற்ற முடிந்தது. அதோடு 1955 வரை வாழ்ந்தார், வேலை செய்தார். கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் கணக்குத் தாள்களைக் கேட்டு வாங்கினார். வீக்கம் இருக்கிறது என்று தெரிந்த நாளோடு மனிதன் முடிந்துவிடுவதில்லை என்பதற்கு எனக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

புகைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த நோய்க்குப் பெரிய காரணம் சிகரெட், பீடி, சுருட்டுத்தான். வீக்கம் விரைவாக வளர்வதற்கும் அதுவே காரணம். இன்றைக்கே விடுங்கள். பிரித்தானியாவில் 65 வயதாகும் ஆண்களை அழைத்து வயிற்றை ஸ்கேன் செய்து பார்க்கிறார்கள். இங்கே நாங்களாகத்தான் கேட்க வேண்டும். அண்ணன் தம்பியில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களும் கட்டாயம் கேளுங்கள், அக்கா தங்கைமாரும்தான்.

இன்னொன்றை வீட்டிலுள்ள எல்லோரும் மனதில் வைத்திருக்க வேண்டும். வீக்கம் உள்ளவருக்குத் திடீரென்று வயிற்றிலோ முதுகிலோ தாங்க முடியாத நோவு வந்து, வியர்த்துத் தலை சுற்றினால், அதை வாயு என்று ஓமத் தண்ணீர் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். பிடிப்பு என்று எண்ணெய் தேய்க்காதீர்கள். சிறுநீரகக் கல் நோவு என்று ஆஸ்பத்திரியிலேயே மாறி நினைத்துவிடக்கூடும், ஆகவே வாய்விட்டுச் சொல்லுங்கள்: "இவருக்குப் பெருநாடி வீக்கம் இருக்கிறது." உடனே 1990 என்ற நம்பருக்கு எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். நான் அடையாள அட்டையோடு ஒரு துண்டு வைத்திருக்கிறேன். நோயின் பெயர், அளவு, கடைசி ஸ்கேன் திகதி, குளிசைகள், மகளின் நம்பர். தமிழிலும் ஆங்கிலத்திலும் நான் எழுதினேன், சிங்களத்தில் பக்கத்து வீட்டுத் தம்பி எழுதித் தந்தார்.

மருந்து விஷயத்திலும் கவனம் வேண்டும். சலக்கிருமிக்கு அடிக்கடி கொடுக்கிற சிப்ரோஃப்ளொக்சசின் வகைக் குளிசைகள் இந்த வீக்கத்துக்கு ஆபத்தைக் கூட்டலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2018 டிசம்பரில் எச்சரித்தது. காய்ச்சலுக்கு எந்த டொக்டரிடம் போனாலும் வீக்கத்தை முதலில் சொல்லுங்கள். மற்றபடி நடக்கலாம், கோயிலுக்குப் போகலாம், பேரப்பிள்ளைகளோடு விளையாடலாம். நெல் மூட்டை தூக்குவதும், மூச்சை அடக்கி முக்குவதும் வேண்டாம். எவ்வளவு செய்யலாம் என்பதை உங்கள் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள், ஆளுக்கு ஆள் அது மாறும்.

இனி நான் கேட்க வந்தது. எங்களில் ஒருவருக்குப் பெரிய ஒப்பரேசன் என்றால் கொழும்புக்கு எழுதிக் கொடுப்பார்கள். இராத்திரி பஸ்ஸில் ஏறி, விடியப் போய் இறங்கி, மொழி தெரியாத வரிசையில் நிற்க வேண்டும். வயதான மனிசனும் மனிசியுமாகத் தனியே போய்த் தடுமாறுகிறார்கள். சந்தாக் காசில் ஒரு பங்கை இந்தப் பயணங்களுக்கு ஒதுக்கலாம். சிங்களம் தெரிந்த பிள்ளையொன்றைக் கூட அனுப்பலாம். ஒப்பரேசன் முடிந்து வந்தவரைக் காத்திருப்பவரின் வீட்டுக்கு ஒரு பின்னேரம் கூட்டிப்போகலாம். இந்தக் கடைசிக்குக் காசே தேவையில்லை.

அக்கரைப்பற்றுக் காக்காவிடம் கேட்டேன், அடுத்த கூட்டத்துக்கு வருகிறேன் என்றார். பெண்கள் பக்கமும் யாராவது முன்வந்தால் நல்லது. என் மனைவி கதைக்க ஆள் தேடுகிறா. இந்த வருத்தம் உள்ளவர்களும் வீட்டில் பார்க்கிறவர்களும் தேநீர் முடிந்ததும் வாசிகசாலை அறைக்கு வாருங்கள். ஸ்கேன் ரிப்போர்ட் கையில் இருந்தால் கொண்டு வாருங்கள், அளவு எங்கே எழுதியிருக்கிறது என்று சேர்ந்து பார்ப்போம். பெயரும் நம்பரும் எழுத ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் என் பெயர் இருக்கிறது. நன்றி, வணக்கம்.