காய்ச்சல் விட்ட மறுநாள்

நேயர்களுக்கு வணக்கம்.

மழைக்காலத்தில் என்னிடம் வருகிறவர்கள் மருந்துச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கதவுவரை போய்விடுவார்கள். அப்புறம் திரும்பி நின்று, “டாக்டர், நாளைக்கு வாக்கிங் போகலாமா?” என்று கேட்பார்கள். சர்க்கரைக்காகவோ பிரஷருக்காகவோ மாதக்கணக்கில் பாடுபட்டுப் பிடித்த பழக்கம், நாலு நாள் விட்டால் கையை விட்டுப் போய்விடுமோ என்ற பயம் அவர்களுக்கு. நியாயமான பயம்தான்.

வெறும் ஜலதோஷம் என்றால் போகலாம். மூக்கு ஒழுகுகிறது, தும்மல், தொண்டையில் லேசான கரகரப்பு, கழுத்துக்குக் கீழே ஒரு தொந்தரவும் இல்லை என்றால் மெதுவாக நடப்பதில் தவறில்லை. அமெரிக்காவில் பால் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 50 மாணவர்களுக்கு ஜலதோஷக் கிருமியைக் கொடுத்தே சோதித்துப் பார்த்தார்கள். 1998இல் முடிவு வெளியானது. ஒருநாள் விட்டு ஒருநாள் 40 நிமிடம் உடற்பயிற்சி செய்தவர்களுக்குச் சளி கூடவும் இல்லை, சீக்கிரம் விடவும் இல்லை. ஆனால் அடைத்த ஏசி அறையில் பத்துப் பேரோடு ஜிம் வேண்டாம். உங்கள் சளி மற்றவர்களுக்கு எதற்கு?

காய்ச்சல், நெஞ்சுச் சளி, உடம்பு வலி, வயிற்றுப்போக்கு, இதில் ஒன்று இருந்தாலும் ஓய்வுதான். “நல்லா வேர்த்து விட்டா காய்ச்சல் இறங்கிடும்” என்று இன்றும் சொல்கிறார்கள். தயவுசெய்து அதை நம்பி ஓடாதீர்கள். உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினாலே இதயம் நிமிடத்துக்குப் பத்து முறை போலக் கூடுதலாகத் துடிக்கிறது. படுத்திருக்கும்போதே அதற்கு வேலை அதிகம். சில வைரஸ்கள், அபூர்வமாகத்தான், இதயத் தசையையே தாக்கி வீங்க வைக்கும். அந்த நேரத்தில் மூச்சிரைக்க ஓடினால் துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்தாகலாம். பாராசிட்டமால் போட்டுக் காய்ச்சலை இறக்கிவிட்டு மைதானத்துக்குப் போவதும் இதே ஆபத்துதான். மாத்திரை சூட்டைத்தான் இறக்குகிறது, நோய் உள்ளேயே இருக்கிறது.

இதைவிட எனக்குக் கவலை தருவது காய்ச்சல் விட்ட மறுநாள். நாற்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர், தினமும் பேட்மிண்டன் ஆடுபவர். நாலு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் காலையில் தெர்மாமீட்டர் 98.4 காட்டியதும் ராக்கெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். முதல் ஆட்டம் முடிவதற்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கூட ஆடியவர்கள் தாங்கிப் பிடித்து என்னிடம் அழைத்து வந்தார்கள். கையைத் தொட்டேன், ஜில்லென்று இருந்தது. நாடி நூல்போல மெலிந்து வேகமாக ஓடியது. டெங்கு.

டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் கண்டம். பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் அது வரும். இரத்தக் குழாய்களிலிருந்து நீர் வெளியே கசியும், இரத்த அழுத்தம் சரியும். அந்த ஒன்றிரண்டு நாள் படுத்திருந்து கஞ்சியும் இளநீரும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் குடிக்க வேண்டும். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தம், காரணமில்லாத அசதி இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். உடம்பு வலிக்கு என்று ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் மாதிரி மாத்திரைகளை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். இரத்தக்கசிவு கூடிவிடும்.

சரி, எப்போது மறுபடி தொடங்கலாம்? உடம்பு நன்றாக இருக்கும் நாட்களிலேயே ஒரு வேலை செய்து வையுங்கள். காலையில் விழித்ததும், எழுந்திரிக்காமல், இரண்டு விரலை மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக வைத்து ஒரு நிமிடம் நாடியை எண்ணுங்கள். எண்ணிக்கையைக் காலண்டர் தாளில் குறித்து வையுங்கள். 68 என்று வைத்துக்கொள்வோம். காய்ச்சல் விட்டு நாலைந்து நாள் ஆகியும் 80க்கு மேலேயே நின்றால், உடம்பு இன்னும் தயாராகவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் ஓய்வெடுத்தால் சேர்த்த பலம் கரைந்துவிடாது, அந்தப் பயமே வேண்டாம்.

அந்த பேட்மிண்டன்காரர் ஒரு வாரம் மருத்துவமனையில் இருந்து பிழைத்து வந்தார். மாடிப்படி ஏறினால் களைப்பு தெரிகிறது என்றார். முதலில் தெருமுனை வரைக்கும் பத்து நிமிடம் நடக்கச் சொன்னேன். மறுநாள் காலை நாடி கூடவில்லை என்றால் இன்னும் ஐந்து நிமிடம். நடுவில் நெஞ்சு வலித்தாலோ படபடத்தாலோ அங்கேயே நிறுத்திவிட்டு என்னிடம் வரச் சொன்னேன். மறுபடி ராக்கெட்டைத் தொட அவருக்கு ஆறு வாரம் ஆனது.

வணக்கம்.