51 விடைகள், ஐந்து நிமிடம்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் வெற்று நிலப்படத்தைத் திரையில் காட்டி, அதிபர் தேர்தலில் எந்த மாநிலத்துக்கு எத்தனை தேர்வாளர் வாக்குகள் (அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்க மாநிலவாரியாக ஒதுக்கப்படும் வாக்குகள்) என்று கடிகாரத்தை ஓடவிட்டுக் கேட்கும் வினாடி வினாவைப் பற்றி இன்று பேசுகிறேன். 50 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டன் டி.சி.யும் சேர்ந்து 51 விடைகள். ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொண்டால் ஒரு விடைக்கு ஆறு நொடிகூட முழுதாகக் கிடைப்பதில்லை. மேற்குக் கரையில் தொடங்கி மாநிலம் மாநிலமாகக் கிழக்கே நகர்வதுதான் பலருடைய வழக்கம். அந்த வழக்கத்தைக் கைவிட்டு, ஒரே எண்ணைக் கொண்ட மாநிலங்களைக் குழுவாக மனத்தில் நிறுத்தி, குழுக்குழுவாக நிரப்ப வேண்டும் என்பதே என் கருத்து.

முதலில் வினா எந்த ஆண்டுக்கானது என்று பாருங்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு 13 மாநிலங்களின் எண்கள் மாறின. டெக்சாஸ் 38இலிருந்து 40 ஆயிற்று. கலிபோர்னியா வரலாற்றிலேயே முதன்முறையாகப் பிரதிநிதிகள் சபையில் ஓர் இடத்தை இழந்து 55இலிருந்து 54க்கு இறங்கியது. நான் சொல்லப்போகும் எண்கள் 2024, 2028 தேர்தல்களுக்கு உரியவை.

இந்த எண் எப்படிப் பிறக்கிறது என்பதை அறிந்தவருக்கு மனப்பாடச் சுமை பாதியாகக் குறையும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் செனட்டர்கள் இருவர்; பிரதிநிதிகள் சபையில் மக்கள்தொகைக்கு ஏற்ப, குறைந்தது ஓர் இடம். இரண்டையும் கூட்டினால் தேர்வாளர் எண்ணிக்கை. 435 பிரதிநிதிகள், 100 செனட்டர்கள், 1961இல் நிறைவேறிய 23ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி தலைநகருக்கு 3, ஆக மொத்தம் 538. இன்றைய கணக்கில் ஓர் இடத்துக்குச் சராசரியாக ஏழரை லட்சம் பேருக்குச் சற்று மேல் வருகிறார்கள். ஆகவே ஒரு மாநிலத்தின் மக்கள்தொகை தோராயமாகத் தெரிந்தால், அதை ஏழரை லட்சத்தால் வகுத்து இரண்டைக் கூட்டி, விடையை அல்லது அதற்கு மிக அருகில் உள்ள எண்ணை எட்டிவிடலாம்.

தவறு மிகுதியாக நேரும் இடம் 3க்கும் 4க்கும் இடைப்பட்ட எல்லை. அலாஸ்கா, வயோமிங், வடக்கு டகோட்டா, தெற்கு டகோட்டா, வெர்மான்ட், டெலவேர், டி.சி. ஆகிய ஏழும் 3. மொன்டானா, ஐடஹோ, மேய்ன், நியூ ஹாம்ப்ஷயர், ரோட் ஐலண்ட், மேற்கு வர்ஜீனியா, ஹவாய் ஆகிய ஏழும் 4. இங்கே கண் நம்மை ஏமாற்றும். பரப்பில் எல்லாவற்றிலும் பெரிய அலாஸ்காவுக்கு 3. எல்லாவற்றிலும் சிறிய ரோட் ஐலண்டுக்கு 4. பத்து லட்சம் மக்கள் என்ற கோட்டை நினைவில் வைத்தால் குழப்பம் தீரும். அந்தக் கோட்டைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் டெலவேர் 3இல் நின்றுவிட, சுமார் 11 லட்சம் பேர் வாழும் மொன்டானாவும் ரோட் ஐலண்டும் 4 பெறுகின்றன. வடகிழக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும் இரட்டையரில் மேற்கே உள்ள வெர்மான்ட் 3, கிழக்கே உள்ள நியூ ஹாம்ப்ஷயர் 4. இந்த 14 பெயர்களையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டால், நான்கில் ஒரு பங்குக்கும் மேலான விடைகள் கைக்கு வந்துவிடும். இவை அனைத்தின் கூட்டுத்தொகை 49தான். கலிபோர்னியா ஒன்றுக்கே 54 என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அடுத்து நாட்டின் நடுப்பகுதி. வீட்டில் நிலப்படம் இருந்தால் மிசிசிப்பி ஆற்றின் மேற்குக் கரையை ஒட்டி விரலை வடக்கிலிருந்து தெற்கே நகர்த்துங்கள். மின்னசோட்டா 10, அயோவா 6, மிசோரி 10, ஆர்கன்சா 6, லூசியானா 8. பத்து, ஆறு, பத்து, ஆறு, எட்டு என்று தாளம்போல் விழும் இந்த வரிசை ஒருமுறை சொன்னாலே நாவில் தங்கிவிடுகிறது. ஆற்றின் கிழக்குக் கரையில் அத்தகைய ஒழுங்கு இல்லை: விஸ்கான்சின் 10, இல்லினாய் 19, கென்டக்கி 8, டென்னசி 11, மிசிசிப்பி மாநிலம் 6. அயோவா, ஆர்கன்சா, மிசிசிப்பியோடு கன்சாஸ், யூட்டா, நெவாடாவையும் சேர்த்தால் 6இன் குழு நிறைவடையும்.

இரண்டாவது வழுக்குமிடம் 10க்கும் 11க்கும் நடுவில் உள்ளது. கொலராடோ, மேரிலாந்து, மின்னசோட்டா, மிசோரி, விஸ்கான்சின் 10. அரிசோனா, இந்தியானா, மாசசூசெட்ஸ், டென்னசி 11. மின்னசோட்டாவின் 10ஐ நியூயார்க்கின் 28ஓடு சேர்த்தே நினைவில் வைக்கலாம். 2020 கணக்கெடுப்பில் இன்னும் 89 பேர் கூடுதலாகப் பதிவாகியிருந்தால் நியூயார்க் தான் இழந்த ஓர் இடத்தைக் காப்பாற்றியிருக்கும். கடைசியாக நின்ற 435ஆவது இடம் மின்னசோட்டாவுக்குப் போயிற்று. இப்படி ஒரு செய்தியோடு பிணைந்த எண் எளிதில் மறப்பதில்லை.

மற்றவற்றை விரைவாகச் சொல்கிறேன். நெப்ராஸ்கா, நியூ மெக்சிகோ 5, கனெக்டிகட், ஓக்லஹோமா 7, ஓரிகன் 8, அலபாமா, தென் கரோலினா 9. அதன்பின் வாஷிங்டன் 12, வர்ஜீனியா 13, நியூ ஜெர்சி 14, மிச்சிகன் 15 என்று எண்ணுக்கு ஒன்றாக ஏறிச் செல்லும். இங்கே வாஷிங்டன் என்பது பசிபிக் கரையில் உள்ள மாநிலம். அவசரத்தில் தலைநகருக்கு 12 கொடுத்துவிடுபவர்கள் உண்டு. ஜார்ஜியா, வட கரோலினா 16, ஓஹியோ 17, பென்சில்வேனியாவுக்கு இல்லினாயைப் போலவே 19. 18 எங்கும் இல்லை. 19ஐத் தாண்டினால் நியூயார்க்கின் 28தான். புளோரிடா 30, டெக்சாஸ் 40.

நிலப்படத்தில் சொடுக்கிப் பதில் தர வேண்டிய வினாக்களில் டெலவேர், ரோட் ஐலண்ட், டி.சி. போன்ற நுண்ணிய இடங்களைத் தொடுவதே சிரமம். கை நடுங்காத தொடக்க நிமிடத்திலேயே அவற்றைத் தொட்டுவிடுவது நல்லது. சிறிய குழுக்களிலிருந்து தொடங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பெரிய மாநிலங்கள் எந்தப் பதற்றத்திலும் கண்ணில் படும். அவற்றைக் கடைசிக்கு விடலாம்.

நேரம் மிஞ்சினால் சரிபார்க்கவும் ஒரு வழி உண்டு. வர்ஜீனியாவின் 13 வரையிலான எண்களைக் கொண்ட சிறிய 39 மாநிலங்களையும் டி.சி.யையும் கூட்டினால் சரியாக 270 வரும்; வெற்றிக்குத் தேவையான பெரும்பான்மையும் அதே எண்தான். எஞ்சிய பெரிய 11 மாநிலங்கள் 268. 2020 தேர்தல் வரை அதே 11 மாநிலங்களே 270ஐ எட்டின. பழைய பட்டியலும் புதிய பட்டியலும் உங்கள் தாளில் கலந்திருக்கின்றனவா என்ற ஐயம் எழுந்தால், அந்தப் 11 எண்களை மட்டும் கூட்டிப் பாருங்கள். 268 வராவிட்டால் ஏதோ ஒன்றைத் திருத்த வேண்டியிருக்கிறது. நன்றி, வணக்கம்.