ஒரே தாமதம்: ஒருத்தருக்கு 600 யூரோ, இன்னொருத்தருக்குப் பூஜ்யம்! அடிக்கடி ஐரோப்பா போறவங்க ஏர்லைனையும் ஏர்போர்ட்டையும் எப்படித் தேர்ந்தெடுக்கணும்?

(திரையில்: புறப்பாடு நேரம் காட்டும் பலகை. ரெண்டு விமானங்களுக்கு நேரா "தாமதம்")

இப்படி வெச்சுக்குவோம். கரூர்லேர்ந்து ரெண்டு ஏற்றுமதியாளர்கள் சென்னை ஏர்போர்ட்டுக்கு வந்திருக்காங்க. ரெண்டு பேரும் போக வேண்டியது ஜெர்மனியில இருக்கிற பிராங்க்ஃபர்ட். ஒருத்தர் கையில லுஃப்தான்சா டிக்கெட், இன்னொருத்தர் கையில துபாய் வழியா போற எமிரேட்ஸ் டிக்கெட். ரெண்டு விமானத்துலயும் ஏதோ தொழில்நுட்பக் கோளாறு. ரெண்டு பேரும் போய்ச் சேர 5 மணி நேரம் லேட்.

முதல் ஆள் 600 யூரோ நஷ்ட ஈடு கேட்டு வாங்கலாம். நம்ம காசுக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல. ரெண்டாவது ஆளுக்கு அதே சட்டத்துல ஒரு பைசா கிடையாது.

இன்னொண்ணு சொல்றேன் கேளுங்க. அதே ரெண்டு பேரும் அதே கம்பெனி விமானத்துலயே திரும்பி வர்றாங்க, மறுபடியும் 5 மணி நேரம் லேட்னு வெச்சுக்குங்க. இந்தத் தடவை ரெண்டு பேருக்குமே 600 யூரோ!

ஏன்? அதுதான் இன்னைக்கு வீடியோ.

வணக்கம்ங்க. திருப்பூர், கரூர், கோயம்புத்தூர் பக்கம் இருந்து பையரைப் பாக்க, கண்காட்சிக்குப் போக, வருஷத்துல பல தடவை பறக்கிறவங்களுக்காகவே இதை எழுதினேன். எந்த ஏர்லைன்ல சாப்பாடு நல்லா இருக்கும், எந்த சீட்ல கால் நீட்டலாம்னு சொல்ல ஆயிரம் வீடியோ இருக்கு. நான் பாக்கிறது ஒண்ணே ஒண்ணுதான்: பயணம் கெட்டுப்போற அன்னைக்கு, நீங்க எடுத்த டிக்கெட்டும் ஏர்போர்ட்டும் உங்களுக்கு என்ன செய்யும்? எல்லாம் சரியா நடக்கிற அன்னைக்கு எந்த ஏர்லைனும் நல்ல ஏர்லைன்தான்.

(திரையில்: ஐரோப்பிய வரைபடம்)

முதல்ல அந்த 600 யூரோ.

ஐரோப்பிய ஒன்றியத்துல 261/2004னு ஒரு விதி இருக்கு. 2005லேர்ந்து நடைமுறையில இருக்கு. அது ரெண்டு விதமான பயணத்துக்குப் பொருந்தும். ஒண்ணு, ஐரோப்பிய ஒன்றிய ஏர்போர்ட்லேர்ந்து கிளம்புற எந்த விமானமா இருந்தாலும் சரி, யார் நடத்தினாலும் சரி. ரெண்டு, வெளியிலேர்ந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ள வர்ற விமானம். ஆனா அதை நடத்துறது ஐரோப்பிய ஒன்றிய ஏர்லைனா இருக்கணும்.

இப்ப கணக்கு புரியுதுங்களா? சென்னையிலேர்ந்து போறப்போ லுஃப்தான்சா ஜெர்மன் கம்பெனி, அதனால உள்ளே வந்துடுது. எமிரேட்ஸ் வெளிநாட்டுக் கம்பெனி, கிளம்புற இடமும் வெளியே, அதனால பொருந்தாது. திரும்பி வர்றப்போ ரெண்டுமே பிராங்க்ஃபர்ட்லேர்ந்து கிளம்புது. ரெண்டுக்கும் பொருந்தும்.

உங்க பாஸ்போர்ட் எந்த நாடுங்கிற கேள்வியே இதுல இல்லை. நம்ம ஆளுங்க நிறைய பேர் "அது வெள்ளைக்காரங்களுக்கு இருக்கிற சட்டம்"னு நெனச்சுக்கிட்டு கேக்காமலே விட்டுடறாங்க. தயவுசெஞ்சு கேளுங்க. அது உங்க பணம்.

எவ்வளவு கிடைக்கும்? 1,500 கிலோமீட்டர் வரைக்கும் 250 யூரோ, நடுத்தரத் தூரத்துக்கு 400, ஐரோப்பாவுக்கு வெளியே 3,500 கிலோமீட்டரைத் தாண்டினா 600. சென்னை, பிராங்க்ஃபர்ட் எல்லாம் இந்த 600 வகைதான். 3 மணி நேரம் லேட்டா போய்ச் சேர்ந்தாலே உரிமை வந்துடும். 3லேர்ந்து 4 மணி நேரத்துக்குள்ளன்னா அந்த 600ஐ பாதியா குறைக்கலாம். 4ஐத் தாண்டினா முழுசு.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இனிமேதான் வருது. பிராங்க்ஃபர்ட்லேர்ந்து துபாய் வர்ற விமானம் சரியான நேரத்துக்கு வந்துடுச்சு. துபாய்லேர்ந்து சென்னை வர்ற ரெண்டாவது விமானம்தான் லேட். தாமதம் நடந்தது ஐரோப்பாவுலயே இல்லை. அப்போ?

அப்பவும் கிடைக்கும்! ரெண்டும் ஒரே புக்கிங்ல இருக்கணும், அவ்வளவுதான். இதே மாதிரி ஒரு வழக்கு 2018ல ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போச்சு. பெர்லின்லேர்ந்து காசாபிளாங்கா வழியா மொராக்கோவுல இருக்கிற அகாதிர் போன ஒரு பயணி, ராயல் ஏர் மரோக் விமானம். காசாபிளாங்காவுல அவங்களை அடுத்த விமானத்துல ஏத்தலை, 4 மணி நேரம் லேட்டா போய்ச் சேர்ந்தாங்க. ஏர்லைன் என்ன வாதாடுச்சுன்னா, மொராக்கோவுக்குள்ள நடந்ததுக்கு ஐரோப்பிய சட்டம் எப்படிப் பொருந்தும்னு. நீதிமன்றம் ஒத்துக்கலை. ஒரே புக்கிங்னா அது முழுசா ஒரே பயணம், கிளம்புற இடம் பெர்லின், அதனால பொருந்தும்னு சொல்லிடுச்சு. ஒரு தனி மனுஷி கேட்ட கேள்வியால, இன்னைக்கு நீங்க துபாய்ல மாட்டிக்கிட்டாலும் உரிமையோட மாட்டிக்கிறீங்க.

விதிவிலக்கு இருக்கு. புயல், பனி, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு மாதிரி ஏர்லைன் கையில இல்லாத காரணம்னா பணம் கிடையாது. ஆனா சாப்பாடு, ஓட்டல் ரூம், மாற்று விமானம் எல்லாம் அப்பவும் தரணும். சாதாரணத் தொழில்நுட்பக் கோளாறு விதிவிலக்குல வராது. ஏர்லைனோட சொந்த ஊழியர்கள் நடத்துற ஸ்டிரைக்கும் வராது. அதனால கவுன்ட்டர்ல "ஏன் லேட்?"னு கேட்டு, எழுத்துல வாங்குங்க. போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீங்க. ஏர்லைன் இணையதளத்துல நீங்களே விண்ணப்பிக்கலாம். வாங்கித் தர்றோம்னு வர்ற இடைத்தரகர் கம்பெனிகள் நல்ல பங்கை எடுத்துக்குவாங்க. ஜெர்மனியில இதைக் கேக்க 3 வருஷம் வரைக்கும் டைம் இருக்கு. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியே போனப்புறமும் இதே விதியை வெச்சிருக்கு. நீண்ட தூரத்துக்கு 520 பவுண்டு. இந்த விதியை மாத்தணும்னு ஐரோப்பாவுல பேச்சு ஓடுது, அதனால கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துக்குங்க.

நம்ம ஊர் விதி? விமானத்தை கடைசி நேரத்துல ரத்து பண்ணினா அதிகபட்சம் 10,000 ரூபாய். வெறும் தாமதத்துக்குப் பணமே கிடையாது. நம்ம பயணிகளுக்கும் இப்படி ஒரு சட்டம் வேணும்ங்கிறது என்னோட உறுதியான கருத்து.

அப்போ எப்பவும் லுஃப்தான்சாதானா? இல்லைங்க. 600 யூரோ வந்தாலும் போன மீட்டிங் திரும்ப வராது. சென்னையிலேர்ந்து பிராங்க்ஃபர்ட்டுக்கு லுஃப்தான்சா ஒரு நாளைக்கு ஒண்ணுக்கு மேல கிடையாது. அது ரத்தானா, ஒண்ணு அடுத்த நாள், இல்லைன்னா சுத்து வழி. துபாய்க்கோ தோஹாவுக்கோ ஒரே நாள்ல ஒண்ணுக்கு மேற்பட்ட விமானங்கள் இருக்கு. ஒண்ணு போனா சில மணி நேரத்துல இன்னொண்ணு. கண்காட்சியில ஸ்டால் போடணும், காலையில 9 மணிக்குக் கதவு திறக்கணும்னா, நான் போறதுக்கு அதிக விமானங்கள் இருக்கிற ஏர்லைன், திரும்பறதுக்கு எது மலிவோ அது. திரும்பி வர்ற பக்கம்தான் சட்டம் எல்லாருக்கும் காவல் நிக்குதே!

(திரையில்: கோவை, சென்னை, கொச்சி, பெங்களூர் காட்டும் வரைபடம்)

சரி, ஏர்போர்ட்டுக்கு வருவோம். திருப்பூர்க்காரங்களுக்கு ஒரு மணி நேரத்துல பீளமேடு, அதாவது கோவை ஏர்போர்ட். ஆனா அங்கேர்ந்து நேரடியா போற வெளிநாடு சிங்கப்பூர், ஷார்ஜா, அபுதாபி மாதிரி விரல் விட்டு எண்ணுற அளவுதான். எமிரேட்ஸ் இந்தியாவுல 9 ஊருக்குப் பறக்குது. சென்னை, கொச்சி, திருவனந்தபுரம், பெங்களூர் எல்லாம் இருக்கு. கோவை இல்லை. இத்தனை பின்னலாடை போற ஊரு, ஏன் இல்லை?

ரன்வே சின்னதுங்கிறது பலர் சொல்ற காரணம். அது சுமார் 3,000 மீட்டர், துபாய் விமானத்துக்கு அது தாராளம். உண்மையான பூட்டு வேற இடத்துல இருக்கு. எந்த நாட்டு ஏர்லைன் நம்ம எந்த ஊர்ல இறங்கலாம், வாரத்துக்கு எத்தனை சீட் விக்கலாம்னு ரெண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டிருக்கும். துபாயோட போட்ட ஒப்பந்தத்துல ரெண்டு பக்கமும் வாரத்துக்குச் சுமார் 65,000 சீட்தான், அது 2014ல முடிவானது. இறங்கலாம்னு அனுமதிச்ச ஊர்ப் பட்டியல்ல கோவை இல்லை. தொழில் அமைப்புகள் கேட்டுக்கிட்டே இருக்காங்க. கேக்கணும், விடக்கூடாது.

அதுவரைக்கும் நீங்க ஒரு இடத்துல மாறித்தான் ஆகணும். இங்கதான் பெரிய பண நஷ்டம் நடக்குது. கோவை டு சென்னை தனி டிக்கெட், சென்னை டு ஐரோப்பா தனி டிக்கெட். மூவாயிரம், நாலாயிரம் மிச்சம்னு தோணும். முதல் விமானம் லேட்டாகி ரெண்டாவது போயிடுச்சுன்னா, ரெண்டாவது ஏர்லைனுக்கு நீங்க வராத பயணி, அவ்வளவுதான். அடுத்த டிக்கெட் உங்க செலவு. ஒரே பிஎன்ஆர்ல இருந்தா அடுத்த விமானத்துல ஏத்தி விடறது அவங்க பொறுப்பு, பெட்டியும் நேரா போயிடும்.

ஷார்ஜாவுல இறங்கி, டாக்ஸி பிடிச்சு துபாய் போய், வேற டிக்கெட்ல ஐரோப்பா ஏறுறவங்களும் இருக்காங்க. அதுக்கு விசா வேணும், பெட்டியை எடுத்து மறுபடி போடணும். சாம்பிள் பெட்டியோட போறவங்களுக்கு நான் இதைச் சொல்லவே மாட்டேன்.

ஒரே டிக்கெட் அமையலைன்னா கொச்சியை யோசிங்க. கோவையிலேர்ந்து கொச்சி ஏர்போர்ட் இருக்கிற நெடும்பாசேரி சுமார் 160, 170 கிலோமீட்டர், வாளையாறு, பாலக்காடு, திருச்சூர் வழியா. 2021, 2022ல குதிரான் சுரங்கப்பாதை ரெண்டு பக்கமும் திறந்தப்புறம் அந்த மலைப்பாதை நெரிசல் போயிடுச்சு. கார்ல போறீங்கன்னா தவற விடறதுக்கு உள்நாட்டு விமானம்னு ஒண்ணு இல்லவே இல்லை. அங்க எமிரேட்ஸ், கத்தார், எதிஹாட் மூணும் இருக்கு.

ஆனா மாசத்தைப் பாருங்க! யாரும் இதைச் சொல்றதில்லை. ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் கேரளாவுல தென்மேற்குப் பருவமழை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்துல கொச்சி ஏர்போர்ட் சுமார் ரெண்டு வாரம் மூடிக் கிடந்தது, அடுத்த வருஷ ஆகஸ்ட்லயும் ரெண்டு நாள் மூடினாங்க. நவம்பர், டிசம்பர் வந்தா சென்னையோட முறை: 2015 வெள்ளம், 2023 மிக்ஜாம், 2024 ஃபெஞ்சல், மூணு தடவையும் சென்னை ஏர்போர்ட்டை மூட வேண்டியிருந்தது. டிசம்பர் கடைசி, ஜனவரியில டெல்லி மூடுபனி. நம்ம கரூர்க்காரங்க போற ஹைம்டெக்ஸ்டில், அதாவது பிராங்க்ஃபர்ட்ல நடக்கிற வீட்டு ஜவுளிக் கண்காட்சி, வழக்கமா ஜனவரியில வருது, அதனால டெல்லியில மாறுற டிக்கெட் எவ்வளவு மலிவா இருந்தாலும் அந்த மாசம் வேண்டாம். ஆகஸ்ட்டுக்குச் சென்னை, நவம்பர் டிசம்பருக்குக் கொச்சி இல்லைன்னா பெங்களூர், ஜனவரிக்கு டெல்லியைத் தவிர எது வேணாலும். ஒரு ஏர்போர்ட்டையே வருஷம் பூராவும் பிடிச்சுத் தொங்க வேண்டியதில்லை.

(திரையில்: பிராங்க்ஃபர்ட் ஏர்போர்ட் ரயில் நிலையம்)

போய் இறங்கற பக்கம். பிராங்க்ஃபர்ட் ஏர்போர்ட்லேர்ந்து நகரத்தோட மெயின் ஸ்டேஷனுக்கு ரயில்ல கால் மணி நேரம் போல. கண்காட்சி வளாகம் அங்கேர்ந்து பக்கம். கண்காட்சி நேரத்துல ஓட்டல் விலை ஏறிடும். அப்போ கொலோன்ல ரூம் பாருங்க. ஏர்போர்ட்லயே அதிவேக ரயில் நிக்குது, ஒரு மணி நேரத்துல கொலோன். இந்த ரயிலை லுஃப்தான்சா விமான நம்பர் போட்டு அதே டிக்கெட்லயே விக்குது! கொலோன் ரயில் நிலையத்துக்கு கியூகேஎல்னு ஏர்போர்ட் மாதிரி ஒரு கோடே இருக்கு. ரயில் லேட்டாகி விமானம் போயிட்டா, அடுத்ததுல ஏத்தி விடறது அவங்க வேலை. எனக்குத் தெரிஞ்சு ஒரு ஏர்போர்ட் தர்ற மிகப் பெரிய சொகுசு இதுதான், லவுஞ்சு எல்லாம் அதுக்கப்புறம்.

ஐரோப்பாவுக்குள்ள மலிவு விமானம் பிடிக்கறவங்க பேரைப் பாத்து ஏமாறாதீங்க. பிராங்க்ஃபர்ட் ஹான்னு ஒரு ஏர்போர்ட் இருக்கு. அது பிராங்க்ஃபர்ட்லேர்ந்து சுமார் 120 கிலோமீட்டர் தள்ளி, வேற மாநிலத்துல இருக்கு! பழைய அமெரிக்க விமானப்படைத் தளம் அது. மிலான் போறவங்களும் பாருங்க: லினாட்டே ஊரை ஒட்டியே, மல்பென்சாவும் பெர்கமோவும் 50 கிலோமீட்டர் போல வெளியே.

மைல்ஸ், பாயின்ட்ஸ் பத்தி? ரெண்டு வழி சமமா இருந்தா மட்டும் பாருங்க.

கரூர்க்காரங்களுக்கு ஒரு கேள்வி. உங்களுக்குத் திருச்சி ஏர்போர்ட் கோவையை விடப் பக்கம், 2024 ஜனவரியில புது டெர்மினலும் திறந்தாச்சு. திருச்சி வழியா ஐரோப்பா போனவங்க எந்த ஊர்ல மாறினீங்க, பெட்டி கடைசி வரைக்கும் நேரா வந்துச்சா, ஒரே பிஎன்ஆர் கிடைச்சுதா? கமெண்ட்ல மாசத்தையும் சேத்து எழுதுங்க. போதுமான பேர் எழுதினீங்கன்னா அடுத்த வீடியோ முழுக்கத் திருச்சிதான்.