கரண்டி யார் கையில்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ஜப்பானியப் பிள்ளைக்குச் சாப்பாட்டுப் பண்பைக் கற்றுத் தருவது வீடா, பள்ளிக்கூடமா? பள்ளிக்கூடமே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணிச் சகோதரி அழகாகப் பேசினார். ஜப்பானிய வீட்டில் அப்பா, அம்மா, பிள்ளை என்று அவரவருக்குத் தனிச் சோற்றுக் கிண்ணம், தனிக் குச்சிகள். சோற்றில் குச்சியைக் குத்தி நிறுத்தக் கூடாது, அது இறந்தவருக்குப் படைக்கும் முறை. குச்சியிலிருந்து குச்சிக்கு உணவை மாற்றக் கூடாது, தகனத்துக்குப் பிறகு எலும்பை அப்படித்தான் எடுப்பார்கள். இதெல்லாம் வீடு சொல்லித் தந்தது என்றார். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வீட்டில் கரண்டி யார் கையில் இருக்கிறது? பெரும்பாலும் அம்மா கையில்!

அதே பிள்ளை தொடக்கப் பள்ளிக்குப் போகட்டும். மதிய உணவு பரிமாறும் முறை வரும் வாரத்தில் வெள்ளை அங்கி, தொப்பி, முகக்கவசம் போட்டுக்கொண்டு, சூப் பாத்திரத்தை இன்னொரு பிள்ளையோடு சேர்ந்து தூக்கி வருகிறது. வகுப்பறையில் வரிசையாக நிற்கும் முப்பது பேருக்கும் ஊற்றுகிறது. முதலில் வந்தவனுக்கு இரண்டு கரண்டி அதிகமாகப் போட்டால் கடைசியில் நிற்பவளுக்குக் காய் இருக்காது. இந்தக் கணக்கை ஏழு வயதில் கை பழகிக்கொள்கிறது. எனக்கு இதைவிடப் பெரிய பாடம் தெரியவில்லை. எல்லார் தட்டும் நிறைந்த பிறகுதான் சேர்ந்து ‘இத்தடகிமாஸ்’, அதாவது பணிவோடு பெற்றுக்கொள்கிறேன் என்று சொல்கிறார்கள். ஆசிரியரும் அங்கேயே உட்கார்ந்து அதையே சாப்பிடுகிறார். தலைமையாசிரியரோ அதற்கு முன்பே ருசி பார்த்துச் சரி சொல்லியிருப்பார். இங்கே யாருக்கும் தனிக் கிண்ணம் கிடையாது, எல்லாம் ஒரே மாதிரி.

இந்தப் பள்ளி உணவு பசியில் தொடங்கியது. 1889-இல் யாமகட்டா பகுதியின் சுருஒகாவில், ஏழைப் பிள்ளைகளுக்காகக் கோயிலில் நடந்த பள்ளியில் சோற்று உருண்டை, உப்பிட்ட சால்மன், ஊறுகாய் கொடுத்தார்கள். 1954-இல் பள்ளி உணவுக்கென்றே சட்டம் வந்தது. 2005-இல் உணவுக் கல்விக்குத் தனிச் சட்டமும் வந்தது.

தட்டைக் காலி செய்யும் வரை எழுந்திருக்காதே என்று சில ஆசிரியர்கள் பிள்ளைகளை வதைத்தார்களே என்று எதிரணி கேட்கலாம். அது தவறுதான். அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அந்த ஆசிரியரின் தவறை, கரண்டி பிடிக்கும் பிள்ளையின் கணக்கில் எழுதக் கூடாது.

ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன். வகுப்பில் ஒருவன் வரவில்லை, ஒரு புட்டிங் மிச்சம். வேண்டும் என்பவர்கள் கூடி, கையால் கல், கத்தரிக்கோல், காகிதம் காட்டும் விளையாட்டைப் போட்டுப் பார்க்கிறார்கள். ஜெயித்தவருக்கு அது போகிறது, மற்றவர்கள் இடத்துக்குத் திரும்புகிறார்கள். வீட்டில் மிச்சமிருக்கும் கடைசித் துண்டு கடைக்குட்டிக்குத்தானே போகும், நடுவர் அவர்களே? தீர்ப்பை எங்கள் அணிக்குத் தாருங்கள்.