ஆசை அறுபது நாள், அப்புறம்?

மதிப்பிற்குரிய சங்கத் தலைவர் அவர்களே, என்னை ‘உணவியல் அறிஞர்’ என்று அறிமுகப்படுத்திய செயலாளர் அவர்களே (கணக்குப் பிரிவில் ஓய்வு பெற்றவன் நான், அறிஞர் பட்டம் அவருடைய தாராளம்), மகளிர் பிரிவுப் பொறுப்பாளர்களே, மேடை ஏறும்போதே ‘சார், கொஞ்சம் சுருக்கமா’ என்று காதில் சொன்ன பொருளாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நிர்வாகத் தரப்புப் பெரியவர்களே, அனைவருக்கும் வணக்கம். காய்ச்சலோடு வந்திருக்கும் தலைவருக்குத் தனியாக ஒரு நன்றி.

எடையைக் குறைப்பது பற்றி மூன்று விஷயங்களைக் குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன்: இலக்கு, சாப்பாடு, தூக்கம். அதற்கு முன்னால் என் பழமொழி. ‘ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள்.’ பின்வரிசையில் சிரிப்பது கேட்கிறது. போன கூட்டத்திலும் இதையேதான் சொன்னேன், உண்மைதான். இந்த முறை கூடவே ஓர் ஆராய்ச்சியையும் கொண்டுவந்திருக்கிறேன்.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் அவருடைய சகாக்களும் செய்த ஆய்வு 2010-இல் அச்சானது. 96 பேர். மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம் என்பதுபோல ஆளுக்கொரு சின்னக் காரியத்தைத் தினமும் செய்ய வேண்டும். யோசிக்காமல் தானாகவே செய்கிற நிலைக்கு வர எத்தனை நாள் ஆகிறது? இடைநிலைக் கணக்கு 66 நாள். சிலருக்கு 18 போதும், சிலருக்கு 254 வரை இழுக்கும். ஆசை அறுபதாம் நாள் விடைபெறுகிறது, பழக்கம் அறுபத்தாறாம் நாள்தான் வந்து சேர்கிறது! நடுவே இருக்கும் அந்த ஆறு நாளில்தான் நம் டயட்டெல்லாம் படுத்துவிடுகிறது. ஒரு நாள் தவறினாலும் பழக்கம் கெட்டுவிடுவதில்லை என்றும் அதே ஆய்வு சொல்கிறது. ‘நேற்று தவறிவிட்டது, இனி அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்பவர்கள் இதைக் கொஞ்சம் காதில் வாங்குங்கள்.

ஓர் அலுவலகம், பெயர் வேண்டாம். முப்பது நாள் எடைக்குறைப்புப் போட்டி வைத்தார்கள். என் நண்பர் ஒருவர் சேர்ந்தார். முதல் நாள் வயிறு முட்டச் சாப்பிட்டு, பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்து, பாக்கெட்டில் சாவிக்கொத்தும் சில்லறையுமாக மெஷினில் ஏறினார். ஆரம்ப எடையைக் கூட்டிக் காட்ட வேண்டுமே! கடைசி வாரம் ஏறக்குறையப் பட்டினி. கடைசி நாள் தண்ணீரும் இல்லை. ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கி வியர்வையைக் கொட்டினார். எடை போடும் நேரம் ஷூவைக் கழற்றினார், பெல்ட்டைக் கழற்றினார், வாட்சைக் கழற்றினார், கடைசியில் மூக்குக்கண்ணாடியையும் கழற்றிவிட்டார். கண்ணாடி இல்லாமல் எண் தெரியவில்லை. எதிர்ப் போட்டியாளர்தான் குனிந்து படித்துச் சொன்னார், அதுவும் வயிற்றெரிச்சலோடு. ஏழு கிலோ குறைவு, முதல் பரிசு! பரிசு என்ன தெரியுமா? இரண்டு பேருக்கு பஃபே விருந்து கூப்பன். அன்று ராத்திரியே போய்விட்டார். மூன்றாவது தட்டோடு நிற்கும்போது போன் செய்து என்னையும் கூப்பிட்டார்.

சிரித்தோம், சரி. தண்ணீரை நிறுத்துவது ஆபத்தான விளையாட்டு, யாரும் செய்யாதீர்கள். அந்த ஏழு கிலோ எங்கிருந்து வந்தது? கிளைகோஜன் என்பது உடம்பு அவசரத்துக்குச் சேமித்துவைக்கும் சர்க்கரை. அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கிறது. பட்டினி கிடந்தால் முதலில் இதுதான் காலியாகும். திரும்பச் சாப்பிட்டால் திரும்ப நிரம்பும். கொழுப்பு பெரும்பாலும் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கும். மோகம் முப்பது நாள்!

இலக்கை எங்கே வைப்பது? அமெரிக்காவில் சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 3,234 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2002-இல் வந்தது. அதில் வாழ்க்கைமுறையை மாற்றிக்கொண்ட குழுவுக்குக் கொடுத்த இலக்கு, உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பதும் வாரத்துக்கு 150 நிமிட உடலுழைப்பும்தான். தொண்ணூறு கிலோக்காரருக்கு ஆறு கிலோ சொச்சம். கல்யாணக் காலத்து எடைக்கு யாரும் திரும்பவில்லை. ஆனாலும் அந்தக் குழுவில் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது.

எந்த டயட் நல்லது என்று கேட்பீர்கள். ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கொழுப்பைக் குறைத்தார்கள், மறு பாதிக்கு மாவுச்சத்தைக் குறைத்தார்கள். ஓர் ஆண்டு கழித்து சராசரி இறக்கம் 5.3 கிலோ, 6 கிலோ. பெரிய வித்தியாசம் இல்லை. எதை உங்களால் விடாமல் செய்ய முடியுமோ அதைச் செய்யுங்கள். மாத்திரை சாப்பிடுபவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள்.

விடாமல் செய்ய நேரம் வேண்டாமா? இங்கேதான் நான் வருகிறேன். நிர்வாகத் தரப்புப் பெரியவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மீட்டிங் வைப்பது எந்த ஊர் நியாயம்? ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் மவுஸ். கவனம் திரையில் இருக்கும்போது சாப்பிட்டால் அளவு கூடுகிறது. என்ன சாப்பிட்டோம் என்பதே மனதில் நிற்காததால் அடுத்த வேளையிலும் கூடுகிறது. வயிறு நிறைந்தது என்ற சேதி மூளைக்குப் போய்ச்சேரச் சற்று நேரமாகும். அதற்குள் டப்பா காலி. ஊழியருக்கு டயட் அட்டவணை அச்சடித்துக் கொடுக்கிறீர்கள், சந்தோஷம். அதற்குப் பதில் ஒரு மணி நேரத்தைக் கொடுங்கள். முழுசாக ஒரு மணி. போன் வரக்கூடாது, மெயிலுக்குப் பதில் கேட்கக்கூடாது. முப்பது நாள் போட்டிக்குச் செலவாகும் பணத்தில் உட்கார்ந்து சாப்பிட நல்ல மேஜை நாற்காலி வாங்கிப் போடுங்கள். ஆசை போன பிறகும் மேஜை அங்கேயேதான் இருக்கும்.

பொருளாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். தூக்கத்தைப் பற்றி இன்னொரு நாள். ‘மதிய மணி’ கோரிக்கை மனு வாசல் பக்கத்து மேஜையில் இருக்கிறது. முதல் கையெழுத்துக்கான இடத்தைத் தலைவருக்காகக் காலியாக விட்டிருக்கிறோம். காய்ச்சல் என்பதால் மனுவை மேடைக்கே கொண்டுவரச் சொல்லிவிட்டேன். நன்றி, வணக்கம்.