தொண்ணூற்றைந்து சதவீதம் போதுமா?

நேயர்களுக்கு வணக்கம்.

தொண்டியில் இருந்து ஏர்வாடி வரை, நம் கரையோரப் பிள்ளைகள் நிறையப் பேர் தட்டச்சு பழகுகிறார்கள். லோயர், ஹையர் என்ற தட்டச்சுத் தேர்வுகளுக்காக இன்ஸ்டிடியூட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. கம்ப்யூட்டரில் ஒரு பயிற்சித் தளத்தைத் திறந்து வைத்துத் தாமே பழகுகிறவர்களும் உண்டு. அந்தத் தளம் கடைசியில் இரண்டு எண்களைக் காட்டும்: வேகம் ஒன்று, துல்லியம் ஒன்று. துல்லியம் 95 சதவீதம் என்று வந்தால் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அந்த 95 எப்படி வருகிறது என்று பார்ப்போம்.

பெரும்பாலான தளங்களில் ஐந்து தட்டல் சேர்ந்தால் ஒரு சொல். ஐந்து நிமிடத்தில் ஒரு பெண் 1,000 தட்டல் தட்டுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 200 சொல், நிமிடத்துக்கு 40. அதில் 50 தட்டல் தவறு, திருத்தவும் இல்லை. துல்லியம் 95 சதவீதம். ஆனால் நிகர வேகம் பார்க்கும்போது, திருத்தாமல் விட்ட ஒவ்வொரு தவறுக்கும் ஒரு முழுச் சொல்லைக் கழிப்பதுதான் வழக்கம். நிமிடத்துக்கு 10 தவறு, 40 போய் 30 ஆகிறது. வேகத்தில் கால்வாசி போயே போச்சு! இதே பெண் பத்தே தவறு செய்திருந்தால் நிகர வேகம் 38.

சரி, பின்னழிப்பு விசையைத் தட்டித் திருத்திவிட்டால்? அதற்கும் கூலி உண்டு. தவறான தட்டல், அழிக்கும் தட்டல், சரியான தட்டல் என்று ஒரு எழுத்துக்கு மூன்று தட்டல் செலவு. சில தளங்கள் திருத்திய தவறை மறந்துவிடும், சில தளங்கள் துல்லியத்தில் அதையும் சேர்த்தே கணக்கிடும். இரண்டாவது வகையில் பழகுவதுதான் நல்லது என்பேன். டைப்ரைட்டரில் அடித்தது அடித்ததுதானே, அங்கே பின்னழிப்பு இல்லை.

இன்னொரு சிக்கல் விடுபட்ட எழுத்து. 'பாம்பன்' என்பதில் 'ம்' விட்டுப்போனால், முதல் எழுத்தோடு முதல் எழுத்து, இரண்டாவதோடு இரண்டாவது என்று ஒப்பிடும் எளிய நிரல் அதற்குப் பின்னால் வருவதை எல்லாம் சிவப்பாக்கிவிடும். பிள்ளை பயந்துபோகும். நல்ல நிரல், எத்தனை எழுத்தைச் சேர்த்தால், நீக்கினால், மாற்றினால் மூலத்தோடு பொருந்தும் என்று குறைந்தபட்சக் கணக்குப் போடும். லெவன்ஷ்டைன் என்ற ரஷ்யக் கணிதவியலாளர் 1965இல் வெளியிட்ட முறை அது.

தமிழில் எண்ணிக்கையே வேறு. 'தொண்டி' நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கம்ப்யூட்டர் எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூனிகோடில் ஆறு குறியீடு. தமிழ்99 விசைப்பலகையில் த, ஒ, ண, ட, இ என்று ஐந்து தட்டல், புள்ளி தானாக விழும். எதை எண்ணுகிறது என்பதைப் பொறுத்து ஒரே விரலின் வேகம் தளத்துக்குத் தளம் மாறும். அதனால் பக்கத்து வீட்டுப் பையனின் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிட்டு மனம் உடைய வேண்டாம்.

மத்தியப் பணியாளர் தேர்வாணையம், அதாவது எஸ்.எஸ்.சி., நிமிடத்துக்கு 35 ஆங்கிலச் சொல்லை மணிக்கு 10,500 தட்டல் என்று சொல்கிறது. சொல்லையே விட்டால் முழுத் தவறு, இடைவெளி பிசகினால் அரைத் தவறு. பயிற்சித் தளம் இப்படித் தரம் பிரிப்பது அபூர்வம். எழுதப்போகும் தேர்வின் விதியை முதலில் படித்துவிடுங்கள்.

அப்புறம் எண்கள். மீன்பிடித் தடைக்கால நிவாரணத்துக்கு ஒரு மீனவரின் வங்கிக் கணக்கு எண்ணைப் பதிகிறீர்கள். அங்கே 95 சதவீதம் என்ற பேச்சே கிடையாது. ஒரு இலக்கம் மாறினால் அந்த வீட்டுக்குப் பணம் வராது. படகுப் பதிவெண்ணும் அப்படித்தான். பெரும்பாலான பயிற்சிப் பாடங்களில் எண் வரிசை கடைசியில்தான் வரும், பலர் அதுவரை போவதே இல்லை. தினமும் கால் மணி நேரம் எண்களை மட்டும், மெதுவாக, திரையைப் பார்க்காமல் தாளைப் பார்த்துத் தட்டுங்கள். முடித்த பிறகு சதவீதத்தை விட்டுவிட்டு, எந்த விரல் எந்த எண்ணில் பிசகியது என்று குறித்து வையுங்கள். மறுநாள் பயிற்சியை அந்த எண்ணில் இருந்து தொடங்கலாம்.

வணக்கம்.